ஒன்பதாவது உருப்படியில் நாற்பது வினாடி

ஜனவரி 6

அன்புள்ள வாலுவுக்கு,

முழங்கால் தினமும் என்னைவிட ஐந்து நிமிடம் பிந்தி எழுந்திருக்கிறது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? தனி வீட்டில் இருந்தவர்களுக்கு அடுக்குமாடி பழகக் கொஞ்ச நாளாகும். அவரும் ஓய்வு பெற்று நாள் முழுக்க வீட்டில் இருப்பதால் உனக்குப் பேச்சுத்துணை கிடைத்திருக்கும்.

ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். வானொலி நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் நான் இசைத்தட்டுகளைக் காத்தேன் என்பதை நினைவில் வைத்திருந்து, ஒரு இசைக் கம்பெனிக்காரர்கள் தேடி வந்தார்கள். ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்கு ஒரு தொகுப்பு வேண்டுமாம். அந்தக் கால வானொலியை ஒரு மணி நேரம் கேட்டது போல இருக்க வேண்டுமாம். முதலில் முள்ளைத் திருகும்போது வரும் கரகரப்பு, பிறகு அறிவிப்பாளர் குரல், பிறகு பன்னிரண்டு உருப்படி. நான் இதற்குத் தகுதியானவன்தானா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஒன்றும் தெரியாத ஒரு காது எனக்குத் தேவை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே, உன் நினைவுதான் முதலில் வந்தது. மாதிரித் தட்டு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் ஐந்தும் மெல்லியவை: பியானோ, கிளாரினெட். ஆறிலிருந்து ட்ரம்பெட்டும் டிரம்ஸும் எழும். ஒருவர் ஒரு மெட்டைச் சொல்வார், மற்றவர்கள் அதை வம்புக்கு இழுப்பார்கள். ஜாஸ் என்பது அவ்வளவுதான். கேள்வித்தாளும் இருக்கிறது. ஒவ்வொரு உருப்படியையும் எங்கே, எப்படி இருந்து கேட்டாய், என்ன தோன்றியது என்று எழுது. அடுப்படியில் கேட்பவருக்கும் நாற்காலியில் கேட்பவருக்கும் வேறு வேறு பாட்டு கேட்கும் என்பது என் கட்சி. தவறாகவும் இருக்கலாம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

*

ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சோம்பல் படாதே. இங்கே இருவரும் நலம். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது.

கடிதம் எழுதினால் அவரே படித்து ஒட்டித் தபாலில் போட்டுவிடுகிறார். போனையும் அவரே வைத்துக்கொள்கிறார். எனக்கு வேலை மிச்சம்.

தட்டைக் கேட்டோம். முதல் நாள் ஒன்றிலிருந்து ஐந்து வரை முழுதாகக் கேட்டேன். இரண்டாவதில் அந்தப் பியானோ, வீட்டில் ஆள் தூங்கும்போது யாரோ வெறுங்காலோடு பார்த்துப் பார்த்து நடப்பது போல இருந்தது. ரொம்பப் பிடித்தது. அடுத்த நாளிலிருந்து அவர் ஆறாவதிலிருந்துதான் போடுகிறார். தினமும் மாலை ஆறு மணிக்கு, நன்றாகச் சத்தம் வைத்து. பக்கத்துப் பதினாலாம் எண் வீட்டில் ஒரு டீச்சர் தனியாக இருக்கிறார். அவருக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். பழைய வீட்டைச் சுற்றிலும் காலி மனை. அங்கே பாட்டே தேவைப்படவில்லை.

ஒரே ஒரு யோசனை. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே இடைவெளி விட முடியுமா அண்ணா? பத்து வினாடி. முடிந்தால் இருபது. புதிதாகக் கேட்பவர்களுக்கு மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

பிப்ரவரி 2

அன்புள்ள வாலுவுக்கு,

குளியலறைக்கு ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிப் போடு. இந்த வயதில் விழுந்தால் எலும்பு சேராது. போன வருடமும் குளியலறையில்தான் விழுந்தாய்.

மாப்பிள்ளைக்கு ஜாஸ் பிடித்துப்போனது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! முப்பத்தெட்டு வருடத்தில் நானும் அவரும் ரயில் நேரத்தைத் தவிர எதையும் பேசியதில்லை. அவர் ரசனையை மனதில் வைத்து இரண்டாவது தட்டில் சத்தமானவற்றை முன்னால் கொண்டுவந்திருக்கிறேன்.

ஆனால் இடைவெளி மட்டும் கேட்காதே. ஒருமுறை ஊசி மாற்றும்போது நிலையத்தில் நான்கு வினாடி மௌனமாகிவிட்டது. இயக்குனர் கூப்பிட்டு, "என்னய்யா, யார் வீட்டுலயாவது எழவா?" என்றார். மூன்று பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு உருப்படியின் வால் மறையுமுன் அடுத்ததன் தலையை நுழைத்துவிடுவேன். கேட்பவரை ஒரு கணம் தனியே விட்டாலும் அது கைவிட்டதுதான் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நீ கேட்டு நான் மறுப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. மன்னித்துவிடு.

கட்டு அவிழ்த்ததும் எழுது.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 12

மச்சானுக்கு வணக்கம்.

நீங்க நல்லாத்தான் இருப்பீங்க. ஒத்த ஆளு, ஒரு தட்டு, ஒரு தம்ளர். உங்களுக்கு என்ன கேடு? நாங்களும் நல்லா இருக்கோம். எனக்கு எழுதிப் பழக்கமில்ல, பேசற மாதிரியே எழுதறேன். சிவப்பு மையில திருத்தாமப் படிங்க.

பாட்டு பிரமாதம். இத்தனை வருஷத்துல நீங்க உருப்படியா செஞ்ச ஒரே காரியம் இதுதான். கோவிச்சுக்காதீங்க, மச்சானைக் கிண்டல் பண்ண எனக்கு உரிமை இருக்கு. ஆனா அந்த மெல்லிசான பாட்டெல்லாம் தாலாட்டு, எடுத்துருங்க. நடுவுல பேசறானே ஒருத்தன், அவனையும் தூக்குங்க. அவன் குசுகுசுன்னு பேசற நேரம் இங்க ஒரு கரண்டி விழுந்தாக்கூட பக்கத்து வீட்டுக்குக் கேக்குது. ட்ரம்பெட், டிரம்ஸ், ஒண்ணு மேல ஒண்ணா, மூச்சு விடாம வரணும்.

நான் முப்பத்தஞ்சு வருஷம் பிரஸ் ஷாப்புல நின்னவன். தகடு வெட்டற மெஷின் பதினாறு, ஒரே நேரத்துல அடிக்கும். ஒரு தடவை ஒருத்தன் கை உள்ள போயிருச்சு. நாலு விரல். வாய் பிளந்திருக்கு, கழுத்து நரம்பு கயிறாட்டம் நிக்குது, ஆனா ஒரு சத்தம் இல்ல மச்சான்! பத்தடி தள்ளி நின்ன நான், பய பாடறான்னு நெனச்சேன். ரத்தத்தைப் பாத்தப்புறமும் லைனை நிறுத்தல. ஷிப்டு முடிய இருபது நிமிஷம்தான் இருந்துச்சு. சத்தம் இருக்கற இடத்துல மனுஷன் நிம்மதியா வேலை பாக்கலாம். ரிட்டையர் ஆகி வீட்டுல உக்காந்தப்ப அதுதான் இல்லாமப் போச்சு. இப்ப நீங்க குடுத்துட்டீங்க.

உங்க தங்கச்சி ஏதோ இடைவெளி கேட்டு எழுதினாளே, அதைப் பத்தி அவகிட்டப் பேசிட்டேன். இனிமே கேக்க மாட்டா.

உடம்பு பத்திரம்.

மாப்பிள்ளை

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுத மூன்று வாரம் தாமதமாகிவிட்டது. மணிக்கட்டு சரியாகிவிட்டது. இரண்டு பல் எடுத்தாயிற்று. வயது.

இரண்டாவது தட்டுக்கான கேள்வித்தாள். நீ சொன்னபடியே எங்கே, எப்படி இருந்து கேட்டேன் என்று எழுதியிருக்கிறேன்.

1 முதல் 4: அடுப்படியில், நின்றுகொண்டு. நல்ல விறுவிறுப்பு.

5: கூடத்தில், சுவரோரம்.

6: உட்கார்ந்து.

7: தரையில். கன்னம் தரையில் இருந்தால் டிரம்ஸ் காதில் கேட்பதில்லை, பல்லில் கேட்கிறது.

8: இடது காதில் மட்டும்.

9: நடுவே தாளக்காரர் நான்கு வினாடி நிறுத்துகிறார். அந்த நான்கு வினாடியும் இந்த வீட்டில் எல்லாம் நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

10, 11: நினைவில்லை.

12: முடிந்துவிட்டதால் நன்றாக இருந்தது.

இதை அவரும் படித்தார். சிரித்துவிட்டு, "அனுப்பு, அனுப்பு. உங்கண்ணனுக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது? மார்க் போட்டுட்டு உக்காந்திருப்பாரு" என்றார்.

குளிரில் வெளியே போகாதே.

உன் தங்கை

*

மார்ச் 9

பதினாலாம் எண் வீட்டு டீச்சர் அவர்களுக்கு வணக்கம்.

தாங்கள் நலமாக இருக்க வேண்டும். என்னைத் தங்களுக்குத் தெரியாது. பதினைந்தாம் எண்ணில் இருக்கும் அம்மாளின் அண்ணன் நான். முன்பின் தெரியாதவருக்கு எழுதுவது முறையா என்று நான்கு நாள் யோசித்தேன். நான்கு நாள் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

என் தங்கையின் கேள்வித்தாளின் நகலை இணைத்திருக்கிறேன். முதல் முறை படித்தபோது, "ஒன்பதாவது பிடித்திருக்கிறது" என்று என் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் புரிந்தது. அவளை அவர் அடிக்கிறார். நான் அனுப்பிய பாட்டை வைத்துக்கொண்டு அடிக்கிறார்.

போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார். அவளிடம் கொடுத்தார். "நல்லா இருக்கேண்ணா, நீ சாப்பிட்டியா?" என்றாள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கும் செய்தேன். "அந்தம்மா புகார் குடுத்தாங்களா? நீங்க பாத்தீங்களா? அக்கம்பக்கத்துல யாராவது சத்தம் கேட்டாங்களா?" என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் இல்லை என்றேன். "அப்ப எங்களை என்ன பெரியவரே பண்ணச் சொல்றீங்க?" என்று வைத்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டுக்கு என்ன கேட்கிறது டீச்சர்? தயவுசெய்து எழுதுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
அடுத்த வீட்டு அம்மாளின் அண்ணன்

*

மார்ச் 16

ஐயா,

வணக்கம். நான் நலம். தங்கள் கடிதத்துக்குப் பிறகு தூக்கம் நலமாக இல்லை.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்குப் பாட்டு மட்டும்தான் கேட்கிறது. நாள் முழுக்க பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்து, அந்தச் சுவரோரம் நாற்காலியைப் போட்டு, தேநீரோடு உட்கார்ந்து கேட்பேன். ஒருநாள் லிஃப்டில் உங்கள் மாப்பிள்ளையிடம், "ரொம்ப நல்ல ரசனை சார் உங்களுக்கு" என்று சொன்னேன். அவர் சிரித்து, "எல்லாம் என் மச்சான் செலக்ஷன்" என்றார். இதை உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டீர்கள்.

இரண்டு நாள் முன்பு துணி உலர்த்தும் மாடியில் உங்கள் தங்கையைப் பார்த்தேன். "கன்னத்துல என்னம்மா?" என்றேன். "கதவு" என்றார். "எந்தக் கதவு தினமும் ஆறு மணிக்கு இடிக்குது?" என்று கேட்டேன். வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் தனியாக இருப்பவள். காதால் கேட்காததைக் கேட்டேன் என்று எந்த அதிகாரியிடமும் சொல்ல மாட்டேன். காதில் விழுந்தால் சொல்வேன். கதவையும் உடைப்பேன். காவலாளியும் வருவார், நல்ல மனிதர். அந்தச் சத்தம் மட்டும் நடுவில் இல்லாமல் இருக்க வேண்டும்.

டீச்சர்

*

மார்ச் 27

மாப்பிள்ளைக்கு அநேக ஆசீர்வாதம்.

நலமாக இருப்பீர்கள். தங்கள் விருப்பப்படியே மூன்றாவது தட்டைச் செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தாலாட்டு இல்லை. பேச்சு இல்லை. இடைவெளியும் இல்லை. தங்கையிடம் நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

மச்சான்

*

மார்ச் 27

டீச்சர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்றாவது தட்டு அவர்கள் வீட்டுக்குப் போகிறது. அது ஒற்றை ட்ரம்பெட் தனியாக ஊதுவதில் தொடங்கும். அது கேட்டவுடன் கடிகாரத்தைப் பாருங்கள். சரியாக முப்பத்தொரு நிமிடம் நாற்பது வினாடியில், ஒன்பதாவது உருப்படியின் நடுவில், டிரம்ஸ் உச்சத்துக்குப் போகும்போது, ஒலியை அடியோடு வெட்டியிருக்கிறேன். நாற்பது வினாடி எதுவும் கேட்காது. பிறகு மறுபடி தொடங்கும். அந்த நேரத்தில் காவலாளியோடு சுவரருகே நில்லுங்கள்.

ஒன்பதாவது ஓடும்போது அவள் தரையில் இருப்பாள் என்று கணக்குப் போட்டு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். உங்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காக, அவள் அடிபடும் நேரத்தைப் பார்த்து வெட்டினேன். நான் செய்வது சரியா என்று தெரியவில்லை. கடிகாரத்தை வைத்து ஆறு முறை சரிபார்த்தேன். நேரம் மட்டும் சரி.

அவளுக்கு இது தெரியாது. தெரிவிக்க வழியில்லை.

உங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்

*

ஏப்ரல் 8

ஐயா,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் தங்கை உயிரோடு இருக்கிறார். அவர் கணவரும் உயிரோடுதான் இருக்கிறார். போனில் இரண்டு வரிதான் சொல்ல முடிந்தது. நடந்ததை இப்போது முழுதாக எழுதுகிறேன். உங்கள் நெஞ்சைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தேதி மாலை ஆறு ஐந்துக்கு அந்த ட்ரம்பெட் தொடங்கியது. காவலாளியைக் கூப்பிட்டு வந்து சுவரில் காதை வைத்து நின்றோம். அவர், "என்னம்மா, சுவத்துக்கு ஜுரம் பாக்கறோமா?" என்று கேட்டார். நீங்கள் சொன்ன வினாடியில் வெட்டு விழுந்தது.

ஒன்றும் கேட்கவில்லை. அழுகை இல்லை, அடி இல்லை. ஆறேழு வினாடி அப்படியே போனது. காவலாளி என்னைப் பார்த்தார். நீங்கள் வீணாகச் சந்தேகப்பட்டீர்கள் என்றே நினைத்தேன். பிறகு உங்கள் மாப்பிள்ளையின் குரல் கேட்டது: "என்ன எழவு ஆச்சு இதுக்கு?" நான்கைந்து அடி நடக்கும் சத்தம். அடுத்து, பலகையை இரும்பால் அடித்தது போல ஒரு சத்தம். உடனே ஓர் ஆண் அலறினார். என் வாழ்நாளில் அப்படி ஒரு அலறலைக் கேட்டதில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு அடி. இன்னும் கொஞ்சம் பொறுத்து மூன்றாவது. அதற்குள் உங்கள் நாற்பது வினாடி முடிந்து டிரம்ஸ் மறுபடி அதிர ஆரம்பித்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

கதவு உள்ளே பூட்டியிருந்தது. காவலாளி கடப்பாரையால் நெம்பித் திறக்கும்போது பதினோராவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் மாப்பிள்ளை பாட்டுப் பெட்டியின் முன்னால் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்து ரத்தம் மேசைக் காலைச் சுற்றி ஓடியிருந்தது. தாடை ஒரு பக்கமாகத் திரும்பிப் போயிருந்தது. இடுப்பு வார் அவர் கையிலேயே சுற்றியபடி இருந்தது. உங்கள் தங்கை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. உதட்டிலிருந்து ரத்தம் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. அடித்த பெரிய ஸ்பேனரைத் துடைத்து, சுவரில் அதற்கென்று இருந்த ஆணியில் மாட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும், "சத்தத்தைக் குறைக்கட்டுமா டீச்சர்? உங்களுக்குத் தொந்தரவா இருந்திருக்கும்" என்றார்.

இப்போது அரசு மருத்துவமனையில் பெண்கள் பிரிவில் இருக்கிறார். வாசலில் ஒரு பெண் காவலர். உடம்பெல்லாம் புதுக் காயமும் பழைய காயமும். மருத்துவர் கேட்டதற்கு, எல்லாம் விழுந்ததால் வந்தவை என்று சொல்லியிருக்கிறார். காவல் ஆய்வாளரிடமும், "அவர் என்னை ஒண்ணும் பண்ணல, கோவத்துல நான்தான் அடிச்சுட்டேன்" என்றாராம். அவர் கணவருக்கு நினைவு வந்துவிட்டது. கட்டுப் போட்ட வாயோடு, அவளுக்கு எப்போதுமே புத்தி சரியில்லை என்று தாளில் எழுதிக் காட்டுகிறார்.

நானும் காவலாளியும் கேட்டதைத்தான் சொன்னோம். மூன்று அடி, ஓர் ஆண் அலறல். வேறென்ன சொல்ல முடியும்? வார் கையில் இருந்ததையும் சொன்னேன். "பெல்ட் மாட்டிட்டிருந்திருப்பாரு" என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

உங்கள் இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. அந்தக் கேள்வித்தாளின் நகலும் இருக்கிறது. இவற்றைக் கொடுத்தால் அந்த வீட்டில் நடந்தது தெரியும். பாட்டை நீங்கள் வெட்டி அனுப்பியதும் தெரியும். அவர் திரும்பி நிற்கும்படி நீங்களும் உங்கள் தங்கையும் சேர்ந்து திட்டமிட்டீர்கள் என்றுகூடச் சொல்லுவார்கள். கொடுக்கட்டுமா? நீங்கள் சொல்லாமல் செய்ய மாட்டேன்.

இத்துடன் உங்கள் தங்கை எழுதிக் கொடுத்த கடிதமும் இருக்கிறது. தலையணை உறைக்குள் வைத்து என்னிடம் தந்தார்.

டீச்சர்

*

ஏப்ரல் 7

அண்ணா,

நலமா? நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். பக்கத்துக் கட்டில்காரி இருமுகிறாள். அதைத் தவிர இங்கே ஒரு சத்தமும் இல்லை.

டீச்சர் எல்லாம் சொன்னார். பாட்டு நின்றது தட்டில் கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன். நீ செய்தது என்று தெரிந்ததும் முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. உதட்டில் தையல் இருப்பதால் சிரிக்க முடியவில்லை.

உனக்கு மட்டும் சொல்கிறேன். பாட்டு நின்றதும் வழக்கம் போல அவரும் நிறுத்தினார். முதுகைக் காட்டிப் பெட்டியிடம் குனிந்தார். ஸ்பேனர் என் தலைக்கு மேலேதான் தொங்கியது. முதல் அடி பயத்தில் அடித்தேன். திரும்பி எழுந்தால் கொன்றுவிடுவார் என்ற பயம். இரண்டாவதும் மூன்றாவதும் பயத்தில் அடிக்கவில்லை அண்ணா. நிதானமாகப் பார்த்து அடித்தேன். இரண்டாவதை வாயில் அடித்தேன்.

ஆகையால் தப்பு என்னுடையதுதான். ஆய்வாளர் எழுதி வைத்துவிட்டார். பதினாறாம் தேதி காலை பதினோரு மணிக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வார். காரணமில்லாமல், கோபத்தில் அடித்தேன் என்று எழுதியிருக்கிறது. நான் போடப் போகிறேன். எத்தனை வருடமானாலும் இருந்துவிட்டு வருகிறேன். வீட்டைவிட மோசமாக இருக்காது.

நீ இதில் வராதே. உனக்கு எழுபத்தொரு வயது. ஒரு அதிகாரி குரலை உயர்த்தினால் உனக்குக் கை நடுங்கும். டீச்சரிடம் உள்ள கடிதங்களைக் கிழித்துப் போடச் சொல். யார் கேட்டாலும் உனக்கு ஒன்றும் தெரியாது. சும்மா இரு. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

வாலு

*

ஏப்ரல் 13

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். டீச்சருக்குப் போன் செய்தேன். எதையும் கிழிக்க வேண்டாம், ஆனால் நான் வரும்வரை கையில் வைத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவற்றை நானே கொடுக்க வேண்டும். இந்தக் கடிதத்தைக் கூரியரில் அவருக்கு அனுப்புகிறேன். அவர் உன் கையில் சேர்ப்பார்.

நீ எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. தப்பு முழுவதும் உன்னுடையது இல்லை. "அந்த நான்கு வினாடியும் இந்த வீட்டில் எல்லாம் நிற்கிறது" என்று மார்ச் மூன்றாம் தேதி நீயே எழுதியிருந்தாய். அதைப் படித்து, நகலெடுத்து, அடிக்கோடிட்டவன் நான். ஒலி நின்றால் அவர் கையும் நிற்கும் என்பது என் கண்ணெதிரில் இருந்தது. அப்படியிருந்தும் நாற்பது வினாடி மௌனம் வைத்தால் டீச்சருக்கு அடி கேட்கும் என்று கணக்குப் போட்டேன். வினாடியை ஆறு முறை சரிபார்த்தேன், உன் வரியை ஒருமுறைகூடத் திரும்பப் படிக்கவில்லை. அதனால்தான் அவர்களுக்கு அவர் குரல் கேட்டது, உன் குரல் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உனக்குக் கல்யாணமான நான்காம் மாதம் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீ தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாய். வளையலுக்கு மேலே நான்கு விரல் கறுத்துப் பதிந்திருந்தது. நான் பார்த்ததை நீ பார்த்தாய். வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாய். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு மாப்பிள்ளையிடம் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவர் சொன்னார். நான் கிளம்பினேன். வாசலில் நீ சிரித்துக்கொண்டு நின்றாய்.

அன்று நீ சொன்னதைக் கேட்டேன். அதன் பிறகு குளியலறை, கதவு, படி என்று நீ எழுதியதையெல்லாம் நம்பினேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. விரிப்பு வாங்கச் சொன்னேன்.

இந்த முறை கேட்க மாட்டேன்.

பதினைந்தாம் தேதி இரவு ரயில். முப்பத்தெட்டு வருடத்தில் நீ எழுதிய கடிதங்கள் இருநூற்றுப் பதினொன்று. எல்லாம் தேதி வாரியாக என்னிடம் இருக்கின்றன. நீ விழுந்ததாக எழுதிய இடங்களையெல்லாம் நேற்றும் இன்றும் உட்கார்ந்து தனியே பட்டியலிட்டேன். அறுபத்து நான்கு. அவற்றையும், கேள்வித்தாளின் மூலப் பிரதியையும், பிரஸ் ஷாப்பைப் பற்றி மாப்பிள்ளை தன் கையாலேயே எழுதிய கடிதத்தையும் கொண்டு வருகிறேன். ஆய்வாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் முதல் வரியிலிருந்து படித்துக் காட்டுவேன். பாட்டை வெட்டியது நான் என்றும், உனக்கு அது தெரியாது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு வழக்கறிஞர் அம்மாளை டீச்சர் பேசி வைத்திருக்கிறார். இரண்டாவது அடியையும் மூன்றாவதையும் பற்றி எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவரைக் கேட்டு நீ முடிவு செய். அது நீ சொல்ல வேண்டியது. நான் அதில் தலையிட மாட்டேன்.

கை நடுங்கும் என்று எழுதியிருந்தாய். உண்மைதான், இப்போதே நடுங்குகிறது. எழுத்தைப் பார்த்தாலே தெரியும். நடுங்கினால் நடுங்கிவிட்டுப் போகட்டும்.

ரயில் மறுநாள் காலை எட்டேகாலுக்கு அங்கே வருகிறது. ஒன்பதரைக்கு உன் கட்டிலருகில் இருப்பேன். ஒருவேளை ரயில் பிந்தி, ஆய்வாளர் எனக்கு முன்னால் வந்துவிட்டால், அண்ணன் வருகிறான் என்று மட்டும் சொல். நான் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

உன் அண்ணன்